மனப்பதற்றம்: சொல்ல முன்வருவோர் உண்டு; கேட்கத்தான் ஆளில்லை!

புது தில்லி: வட இந்தியாவில் ஒருவரின் பேச்சோ செயலோ சற்று விசித்திரமாகத் தோன்றினால், "இவரை ஆக்ராவுக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்று நண்பர்கள் கேலி செய்வது வழக்கம். கிழக்கே சென்றால் ஆக்ராவின் இடத்தில் ராஞ்சி வந்துவிடும். ஹைதராபாதில் எர்ரகட்டா, கோழிக்கோட்டில் குதிரவட்டம், சென்னையில் கீழ்ப்பாக்கம், தலைநகர் தில்லியிலோ ஷாதரா. ஊரின் பெயர்தான் மாறுகிறதே தவிர, கேலி ஒன்றுதான். மனநல மருத்துவமனை அமைந்த காரணத்துக்காகவே ஓர் இடத்தின் பெயர் வசைச் சொல்லாகிவிடுகிறது.

மருத்துவமனைகளின் பெயர்ப் பலகைகள் எப்போதோ மாறிவிட்டன. ஷாதராவில் இருந்த பழைய மனநோய் மருத்துவமனை 1993-ம் ஆண்டு முதல், "இஹ்பாஸ்" என்று சுருக்கமாக அழைக்கப்படும் உயர் சிகிச்சை, ஆய்வு நிறுவனமாக இயங்கி வருகிறது. மனநலப் பிரிவோடு நரம்பியல் பிரிவும் அங்கு உண்டு. ஆனால், பலகை மாறிய வேகத்தில் மக்களின் பேச்சு மாறவில்லை.

இந்தக் கேலியின் நிழலில்தான், தீராத மனப்பதற்றத்துடன் நாள்களைக் கடத்தும் கோடிக்கணக்கான இந்தியர்கள், அதைப் பற்றி அடுத்தவரிடம் வாய் திறக்கலாமா, வேண்டாமா என்று யோசித்துக் கொண்டிருக்கின்றனர்.

கோடிக்கணக்கானோர் என்பது மிகைப்படுத்தப்பட்ட சொல் அல்ல. உலகளாவிய நோய்ச் சுமை ஆய்வின் இந்தியப் பகுதி, 2017-ம் ஆண்டில் இந்நாட்டில் 19 கோடியே 73 லட்சம் பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்ந்ததாக மதிப்பிட்டது. அதாவது, ஏழு பேரில் ஒருவர். அவர்களில் 4 கோடியே 57 லட்சம் பேருக்கு மனச்சோர்வு. 4 கோடியே 49 லட்சம் பேருக்குப் பதற்றக் கோளாறு. கொரோனா தொற்றுக்கு முந்தைய கணக்கு இது.

இவர்களில் சிகிச்சை பெறுவோர் மிகச் சிலரே. பெங்களூரில் உள்ள "நிம்ஹான்ஸ்" நிறுவனம், தமிழகம் உள்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநலக் குறைபாடு உள்ளோரில் 70 முதல் 92 சதவீதம் பேர் வரை, குறைபாட்டின் தன்மைக்கு ஏற்ப, உரிய சிகிச்சையின்றி இருப்பது தெரியவந்தது. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். சொல்லாமல் மறைப்பது மற்றொரு காரணம்.

உடல் பேசும் மொழி

பதற்றம் அடைவதே நோயாகிவிடாது. தேர்வு, நேர்முகத் தேர்வு, மகளின் திருமணம், மருத்துவப் பரிசோதனையின் முடிவு ஆகியவற்றுக்கு முன்னர் நெஞ்சு படபடப்பது இயல்பு. ஆபத்தை எதிர்கொள்ள உடல் தன்னைத் தயார்ப்படுத்திக் கொள்ளும் ஏற்பாடு அது. அட்ரினலின் சுரக்கிறது; இதயம் வேகமாகத் துடிக்கிறது; மூச்சு விரைகிறது; தசைகள் இறுகுகின்றன. ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

பதற்றக் கோளாறு உள்ளவருக்கு இவ்வாறு திரும்புவதில்லை. ஆபத்து ஏதும் இல்லாதபோதும் அபாய மணி ஒலித்துக் கொண்டே இருக்கிறது. மாதக்கணக்கில் அடங்காத கவலை, தூக்கமின்மை, எரிச்சல், எதிலும் கவனம் செலுத்த இயலாமை எனச் சிலருக்கு அது தொடர்கிறது. வேறு சிலருக்குத் திடீரெனப் பீதி தாக்குகிறது. சில நிமிடங்களுக்குள் வியர்த்து, மூச்சடைத்து, உயிரே போய்விடும் போன்ற அச்சம் உச்சத்தை எட்டிப் பின்னர் தணிகிறது. இதயநோய் என்று அஞ்சி மருத்துவமனைக்கு ஓடி, "இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை" என்ற பதிலுடன் வீடு திரும்புவோர் பலர். பதில் சரிதான். ஆனால், இதயத்தில் ஒன்றுமில்லை என்பதும், அவருக்கே ஒன்றுமில்லை என்பதும் ஒன்றல்ல.

இந்தத் துன்பத்தைச் சொல்ல நம் மொழிகளில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இந்தியில் "கப்ராஹட்" என்கிறார்கள். தமிழில் படபடப்பு, பதைபதைப்பு, வயிற்றைப் பிசைவது, நெஞ்சை அடைப்பது என்று எத்தனையோ உண்டு. காஷ்மீரம் முதல் கன்னியாகுமரி வரை எல்லோருக்கும் விளங்கும் "டென்ஷன்" என்ற சொல் வேறு இருக்கிறது. பெரும்பாலும் உடலின் பெயரைச் சொல்லித்தான் இந்தியர்கள் மனத்தின் வலியைச் சொல்கின்றனர். உடலுக்கு நோய் வந்தால் அனுதாபம் கிடைக்கிறது. மனத்துக்கு வந்தால் அறிவுரைதான் கிடைக்கிறது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருக்கின்றனர்.

தில்லியின் முகர்ஜி நகரையும் பழைய ராஜேந்திர நகரையும் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் நாடெங்கிலும் இருந்து வந்து தங்கும் பகுதிகள் இவை. தமிழக இளைஞர்களும் இவர்களில் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் இடங்களுக்குப் பல லட்சம் பேர் விண்ணப்பிக்கும் தேர்வு அது. நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ அனுப்பி வைத்த பெற்றோரிடம், இரவில் தூக்கம் வரவில்லை, புத்தகத்தைத் திறந்தாலே கை நடுங்குகிறது என்று கூறுவது எளிதல்ல. பக்கத்து அறை நண்பனிடம் சொல்லலாம் என்றால், அவனும் அதே இடத்துக்குப் போட்டியிடுபவன். எனவே, வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் "நன்றாக இருக்கிறேன்" என்பதே பதிலாகிறது.

பிரபலங்கள் திறந்த கதவு

இந்த மௌனத்தை முதலில் கலைத்தவர்களில் சிலர் புகழின் உச்சியில் இருந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. நடிகை தீபிகா படுகோன், தமக்கு நேர்ந்த மனச்சோர்வு, பதற்றம் குறித்து 2015-ம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிப்படையாகப் பேசினார். அதற்கு முந்தைய ஆண்டு, திரையுலகில் வெற்றிகள் குவிந்து கொண்டிருந்த வேளையில், ஒரு நாள் காலை வயிற்றில் இனம்புரியாத வெறுமையுடன் எழுந்ததாக அவர் கூறினார். தம்மைப் பார்க்க வந்திருந்த பெற்றோர் ஊர் திரும்பும் நேரத்தில் அவர் உடைந்து அழுதிருக்கிறார். காரணம் என்ன என்று தாயார் ஒவ்வொன்றாகக் கேட்டும் மகளிடம் பதில் இல்லை. இதற்கு மருத்துவ உதவி தேவை என்று கண்டுகொண்டவர் அந்தத் தாயார்தான்.

பின்னர் தீபிகா தொடங்கிய அறக்கட்டளை 2016-ல் நடத்திய பிரசாரத்துக்கு "தோபாரா பூச்சோ" என்று பெயர். "மறுபடியும் கேளுங்கள்" என்பது அதன் பொருள். எப்படி இருக்கிறாய் என்ற கேள்விக்கு முதலில் வரும் "நன்றாக இருக்கிறேன்" என்பதோடு நின்றுவிடாதீர்கள் என்பதே அது விடுத்த வேண்டுகோள்.

கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர், தமது 24 ஆண்டு சர்வதேச ஆட்ட வாழ்வில் 10, 12 ஆண்டுகள் பதற்றத்துடனேயே கழிந்ததாகவும், ஆட்டத்துக்கு முந்தைய இரவுகள் பலவற்றில் தூக்கமே வந்ததில்லை என்றும் 2021 மே மாதம் தெரிவித்தார். பதற்றத்தை எதிர்த்து மல்லுக்கட்டுவதை விட்டு, ஆட்டத்துக்கான ஆயத்தத்தின் ஒரு பகுதியாக அதை ஏற்றுக்கொண்ட பிறகே நிம்மதி கிடைத்தது என்றார். தேநீர் தயாரிப்பதும், துணிகளுக்கு இஸ்திரி போடுவதும்கூட அவருக்கு உதவினவாம். விராட் கோலியும், 2014-ம் ஆண்டு இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் ரன் குவிக்க முடியாமல் தவித்தபோது மனச்சோர்வுக்கு ஆளானதாகவும், பலர் சூழ்ந்திருந்தும் தனிமையை உணர்ந்ததாகவும் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

இவர்களின் பேச்சு பயனற்றதல்ல. மனஉறுதி இல்லாதவர்களுக்குத்தான் இத்தகைய குறைபாடு வரும் என்ற எண்ணத்தை, நூறு சதங்கள் அடித்தவரின் ஒப்புதலைவிட வேறு எது அசைக்க முடியும்? ஆனால், நட்சத்திரங்கள் பேசுவதற்கும் தனியார் நிறுவன எழுத்தரோ, பள்ளி ஆசிரியையோ பேசுவதற்கும் வேறுபாடு உண்டு. நட்சத்திரம் பேசினால் கைதட்டல் கிடைக்கிறது. எழுத்தர் பேசினால் பதவி உயர்வு தள்ளிப்போகுமோ, ஆசிரியை பேசினால் தங்கையின் திருமணப் பேச்சு நின்றுவிடுமோ என்ற அச்சம் எழுகிறது. "வெளிப்படையாகப் பேசுங்கள்" என்று பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் உபதேசம் செய்வது, பாரத்தைச் சுமப்பவர் தலையில் மேலும் ஒரு பாரத்தை ஏற்றுவதாகும். கேட்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பொருத்தே சொல்பவரின் துணிவு அமையும்.

கோவாவில் ஒரு சோதனை

கேட்பதையே ஒரு சிகிச்சை முறையின் அடித்தளமாக ஆக்க முடியும் என்பதைக் கோவா எடுத்துக்காட்டியது. "சங்காத்" என்ற தன்னார்வ அமைப்பைச் சேர்ந்த டாக்டர் விக்ரம் படேலும் அவரது குழுவினரும், மனச்சோர்வு மற்றும் பதற்றக் கோளாறு உள்ளவர்களுக்காக அங்கு ஒரு பெரும் ஆய்வை நடத்தினர். 12 அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களும், 12 தனியார் மருத்துவர்களின் சிகிச்சையகங்களும் அதில் இடம்பெற்றன. மருத்துவம் படிக்காத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி அளித்து ஆலோசகர்களாக அமர்த்தினர். நோயாளியின் குறையைப் பொறுமையாகக் கேட்பது, இது என்ன, ஏன் வருகிறது என்பதை எளிய மொழியில் விளக்குவது, தேவைப்பட்டால் மருந்துக்கும் மனநல மருத்துவரிடமும் வழிகாட்டுவது ஆகியன அவர்களது பணிகள். "மனநோய்" என்ற அச்சுறுத்தும் சொல்லுக்குப் பதிலாக, மக்களே பயன்படுத்தும் "டென்ஷன்" என்ற சொல்லோடு உரையாடல் தொடங்கியது.

ஆய்வின் முடிவு 2010-ல் "லான்செட்" மருத்துவ இதழில் வெளியானது. அரசு நிலையங்களில் இந்த ஆலோசனையைப் பெற்றவர்களில் சுமார் 66 சதவீதம் பேர் ஆறு மாதங்களில் குணமடைந்திருந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்த நிலையங்களில் இது சுமார் 42 சதவீதமே. தனியார் மருத்துவர்களிடம் சென்றவர்களிடையே இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. எனினும், மருத்துவரின் முகத்தை ஓரிரு நிமிடமே பார்க்க முடிகிற அரசு நிலையத்தின் நெரிசலில், அமர்ந்து கேட்க ஓர் ஆள் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இது சான்று.

இந்தியாவின் நிலைக்கு இது முக்கியமான பாடம். ஒரு லட்சம் மக்களுக்குக் குறைந்தது 3 மனநல மருத்துவர்கள் வேண்டும் என்ற அளவுகோல் இருக்க, இங்கு 0.75 என்ற அளவிலேயே உள்ளனர் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023-ல் சுட்டிக்காட்டியது. அந்த இடைவெளியை மருத்துவர்களைக் கொண்டு மட்டும் விரைவில் நிரப்ப இயலாது. பயிற்சி பெற்ற செவிகளைக் கொண்டு ஓரளவு நிரப்பலாம்.

சட்டம் சொல்வது என்ன?

வேலை, திருமணம் குறித்த அச்சம் முற்றிலும் கற்பனையும் அல்ல. 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில், மனநலக் கோளாறு மணவிலக்குக்கான காரணங்களுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. ஆயினும், கோளாறு இருப்பது மட்டும் போதாது. இணைந்து வாழ்வது நியாயமாக எதிர்பார்க்க முடியாத அளவுக்கு அது கடுமையானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே தெளிவுபடுத்தியது. இரவில் தூக்கம் வராத கவலையையும் மேடை ஏற அஞ்சும் நடுக்கத்தையும் இந்தப் பிரிவைக் காட்டி மிரட்டுவது சட்டத்தை அறியாதவர்களின் செயல்.

2018-ம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ஒருவருக்கு மனநோய் உள்ளது என்று தீர்மானிக்கப்படுவதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக்கூடாது. தகுதியுடைய நீதிமன்றம் அவ்வாறு அறிவித்தாலன்றி அப்படிப் பொருள் இல்லை என்று அச்சட்டம் கூறுகிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவைகளைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதும் உரிமை.

இந்த ரகசியக் காப்பு உரிமைக்கும் வெளிப்படையான பேச்சுக்கும் முரண்பாடு எதுவும் இல்லை. யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பாதிக்கப்பட்டவருக்கே உரியது. மருத்துவருக்கோ, உறவினருக்கோ, மேலதிகாரிக்கோ அல்ல.

உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கட்டளை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்டில் இதற்கான சுற்றறிக்கையை அனுப்பியது. இழப்பீடு மறுக்கப்பட்ட ஒரு வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2021-ல் பாலிசிதாரருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது.

14416-ல் ஒரு குரல்

முகம் தெரிந்தவரிடம் பேசத் தயங்குவோருக்காக ஒரு வழியும் உண்டு. 2022-23 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட "டெலி மானஸ்" என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவை, அவ்வாண்டு அக்டோபர் 10-ம் தேதி, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழ் உள்பட 20 மொழிகளில் பேச வசதி உள்ளது. தில்லியில் வாழும் தமிழர் ஒருவர், அரைகுறை இந்தியில் தம் துயரை மொழிபெயர்த்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை, தாய்மொழியிலேயே சொல்லலாம்.

2025-ம் ஆண்டுக்குள் இச்சேவைக்கு வந்த அழைப்புகள் 20 லட்சத்தைத் தாண்டின. பேச விரும்புவோர் இல்லை என்று இனி எவரும் கூற முடியாது. தம்மைக் கேலி செய்யாத ஒரு குரல் மறுமுனையில் இருக்கும் என்ற உறுதி கிடைத்தால் இந்தியர்கள் பேசுகின்றனர். அந்த உறுதி வீட்டுக்குள்ளும் அலுவலகத்திலும் கிடைக்கவில்லை என்பதே குறை.

சொல்வோரும் கேட்போரும்

பேச முடிவெடுத்தவர்கள் எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. சொன்னதை ஊரெங்கும் பரப்பாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பதற்றம் தணிந்திருக்கும் வேளையில், சுருக்கமாகத் தொடங்குவது நல்லது. நோயின் பெயரைவிட, அது அன்றாட வாழ்வில் என்ன செய்கிறது என்பதைச் சொன்னால் கேட்பவருக்கு எளிதில் விளங்கும். "கூட்டமான மெட்ரோ ரயிலில் ஏறினால் மூச்சு அடைக்கிறது, அந்த வேளையில் கேள்வி கேட்காமல் பக்கத்தில் நின்றால் போதும்" என்பது போல, என்ன உதவி தேவை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அலுவலகத்தில் மருத்துவ விவரம் முழுவதையும் ஒப்புவிக்கத் தேவையில்லை; வேலை நேரத்திலோ முறையிலோ என்ன மாற்றம் வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேட்பவர்களின் பொறுப்பு இதைவிடப் பெரிது. "உனக்கு என்ன குறை?", "எல்லாம் நினைப்பதில்தான் இருக்கிறது", "கோயிலுக்குப் போய்விட்டு வா, சரியாகிவிடும்", "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" ஆகியன நல்லெண்ணத்துடனேயே சொல்லப்படுகின்றன. ஆனால், சொல்ல வந்தவர் அத்துடன் வாயை மூடிக்கொள்கிறார். தீர்வு சொல்லும் அவசரத்தைச் சற்றே ஒத்திவைத்து, "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்று கேட்பது பெரிய உதவி. மருத்துவரிடம் முதல் முறை செல்லும்போது உடன் செல்வது அதைவிடப் பெரிய உதவி.

பேச்சு மருத்துவத்துக்கு மாற்று அல்ல என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. பதற்றக் கோளாறு குணப்படுத்தக் கூடியது. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாகச் சீர்செய்யும் உளவியல் சிகிச்சையும், மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்துகளும் நல்ல பலன் தருகின்றன. மருந்துகள் முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், இரண்டே நாளில் நிறுத்திவிடக்கூடாது. மாறாக, யாரிடமும் சொல்லக் கூசி, மருந்துக் கடையில் ஆல்ப்ரசோலம் போன்ற மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி விழுங்குவது ஆபத்தானது. உடனடி அமைதி தரும் இவ்வகை மாத்திரைகள் விரைவில் அடிமைப்படுத்தக் கூடியவை; மருத்துவரின் சீட்டு இன்றி இவற்றை விற்பதைச் சட்டமும் அனுமதிக்கவில்லை. மௌனத்தின் விலையைப் பலர் இவ்வாறுதான் செலுத்துகின்றனர். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால், ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரை நாட வேண்டும்.

2023-24-ம் ஆண்டுக்கான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, மனநலத்தை நாட்டின் வளர்ச்சியோடு தொடர்புபடுத்தி விரிவாகப் பேசியது. சட்டம் வந்துவிட்டது, தொலைபேசி எண் வந்துவிட்டது, நிதி அமைச்சகத்தின் ஏடுகளிலும் இடம் கிடைத்துவிட்டது. எஞ்சியிருப்பது, எந்த அரசாணையாலும் கொண்டுவர முடியாத ஒன்று. அடுத்த முறை ஒருவர் தயங்கித் தயங்கி, "இப்போதெல்லாம் மனது சரியில்லை" என்று தொடங்கும்போது, கேலியையும் அறிவுரையையும் நிறுத்தி வைத்துவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு அமர நாம் தயாராக இருக்கிறோமா என்பதுதான் கேள்வி.